இளநிலை மதிப்பெண் நல்ல சமூகப்பணியாளரை முன்னறிவிக்குமா?

களமேற்பார்வையாளர்:
முதுகலை சமூகப்பணிச் சேர்க்கையில் இளநிலை மதிப்பெண்ணுக்கும் ஜி.ஆர்.இ. (அமெரிக்காவில் மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத்தேர்வு) போன்ற தேர்வுகளுக்கும் முதலிடம் தருவதை நான் ஏற்கவில்லை. களப்பணிக்கு என்னிடம் வந்த மாணவர்களுள் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்த ஒருவர், துயரத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணின் எதிரே இரண்டு நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க முடியாமல், படிவத்தின் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார். இந்தக் குறையை எந்த மதிப்பெண் பட்டியலும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. நேர்காணலும் முன்அனுபவமுமே முதன்மையாக இருக்க வேண்டும்.

அளவியல் மாணவி:
ஒரு மாணவரை வைத்து ஒரு விதியை எழுதலாகாது. நிபுணரின் உள்ளுணர்வைவிட எளிய புள்ளியியல் கூட்டல் பெரும்பாலும் பின்தங்குவதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954-லேயே காட்டினார். உளவியலாளர் ராபின் டாஸ் 1971-இல் ஒரேகான் பல்கலைக்கழக உளவியல் துறையின் சேர்க்கையை ஆராய்ந்தபோது, குழுவினர் கோப்புகளைப் புரட்டி இட்ட மதிப்பீட்டைவிட, மதிப்பெண், தேர்வு, படித்த கல்லூரியின் தரம் ஆகிய மூன்றின் எளிய கூட்டலே மாணவர்களின் பிற்காலத் தகுதியை நன்றாக முன்னறிவித்தது. தாங்கள் முன்வைக்கும் நேர்காணலோ, கேட்பவர் யார், அன்று எத்தனையாவது விண்ணப்பதாரர் என்பதைப் பொறுத்தெல்லாம் மாறக்கூடியது.

களமேற்பார்வையாளர்:
டாஸ் ஆராய்ந்தது உளவியல் மாணவர்களை; பிற்காலத் தகுதி என்று அவர் கொண்டது பேராசிரியர்கள் இட்ட மதிப்பீட்டை. வகுப்பறையை வகுப்பறை முன்னறிவிப்பதில் வியப்பில்லை. அமெரிக்காவின் சமூகப்பணிக் கல்வி மன்றம் 2008-இல் களக்கல்வியையே இத்துறையின் தனி முத்திரையான கற்பித்தல் முறை என்று அறிவித்தது. முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பணியையும் அது கேட்கிறது. மேலும் மதிப்பெண்ணும் பிற்காலத் தகுதியும் எவ்வளவு இணைந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.3 என்றே வைத்துக்கொண்டாலும், அது விளக்குவது மாணவர்களிடையே உள்ள வேறுபாட்டில் அதன் வர்க்கமான 9 விழுக்காட்டைத்தான். மீதி 91 விழுக்காடு எங்கே போயிற்று?

அளவியல் மாணவி:
அந்த 9 விழுக்காடு ஏன் சிறிதாகத் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாம் ஆராய்வது சேர்க்கப்பட்டவர்களை மட்டுமே. மதிப்பெண் குறைந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே வந்தவர்களிடையே மதிப்பெண் வேறுபாடு காட்டவில்லை என்பது, நீந்தத் தெரிந்தவர்களை மட்டும் குளத்தில் இறக்கிவிட்டு நீச்சல் பயிற்சியால் பயனில்லை என்று முடிவு கட்டுவதை ஒக்கும். மதிப்பெண் குறைந்தும் இடம் பெற்ற சிலரோ வேறு ஏதோ வலுவான காரணத்தால் வந்தவர்கள். ஆகவே அவர்கள் நன்றாகச் செய்யும்போது கெழு இன்னும் கீழிறங்குகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் தங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. களமேற்பார்வையாளர்கள் இடும் மதிப்பீடு ஏறக்குறைய எல்லோருக்கும் மிக உயர்வாகவே அமைந்துவிடுகிறது. எல்லாரும் ஒரே உயரத்தில் நின்றால், மதிப்பெண்ணும் முன்னறிவிக்காது, நேர்காணலும் முன்னறிவிக்காது.

முன்னாள் சேர்க்கைக் குழு உறுப்பினர்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. பரிந்துரைக் கடிதங்களைப் பற்றி இருவருமே பேசவில்லை. அது சரிதான், நான் படித்த கடிதங்களில் எல்லாரும் தலைசிறந்த மாணவர்களே. நேர்காணலை மட்டும் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்வியாளர்கள், ஒரே நீண்ட நேர்காணலுக்கு மாற்றாக, வெவ்வேறு மதிப்பீட்டாளர்கள் முன்னிலையில் பல குறுநேர்காணல்களை நடத்தும் முறையை உருவாக்கி 2004-இல் வெளியிட்டார்கள். ஒருவரின் விருப்பு வெறுப்பு முடிவைத் தீர்மானிப்பது அதில் குறைகிறது.

களமேற்பார்வையாளர்:
மதிப்பீடு உயர்ந்தே நிற்கிறது என்ற குற்றச்சாட்டை மறுக்க மாட்டேன். மேலே சொன்ன மாணவருக்கு நானே ‘நன்று’ என்றுதான் எழுதினேன். ஆண்டுக் கடைசியில் ஒருவரின் பட்டத்தை நிறுத்த மனம் வரவில்லை. ஆனால் அதற்காக மதிப்பெண்ணிடம் சரணடைய முடியாது. களத்தில் கவனிக்கப்பட்ட செயல்களை, என்னையன்றி வேறொருவர் தனியே மதிப்பிடும் ஏற்பாடு முதலில் வரட்டும்.

அளவியல் மாணவி:
அப்படி ஒரு மதிப்பீடு வந்தால், குறுநேர்காணலையும் இளநிலை மதிப்பெண்ணையும் அதன் முன் நிறுத்திப் பார்க்க எனக்குத் தடையில்லை. அதுவரை, ‘நன்று’ என்று எழுதப்பட்ட அந்தப் படிவத்தை எந்தப் பக்கத்துக்கும் சான்றாகக் கொள்ள மாட்டேன்.