நாட்டார் ராக், வேரிசை, முதல் இசைத்தொகுப்பு: மூன்று சொற்கள் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு, தருமபுரியிலிருந்து வணக்கம்.

மேலைநாட்டு இசைக்குழு ஒன்றின் முதல் தொகுப்பைப் பற்றித் தமிழில் எழுதிவரும் ஓசூர் நண்பர், ‘நாட்டுப்புறப் பாறை இசை’ (folk rock), ‘அரங்கேற்றத் தொகுப்பு’ (debut album), ‘மரபிசை’ (roots music) என்ற மூன்று சொற்களை முன்வைத்துக் கருத்துக் கேட்டிருந்தார்.

முதலாவதை உடனே கைவிடலாம். ‘ராக் அண்ட் ரோல்’ என்பதில் உள்ள ராக் கல்லைக் குறிப்பதன்று; தொட்டில்போல் அசைந்தாடுவதைக் குறிக்கும் வினைச்சொல். கருங்கல் குன்றுகளுக்கு நடுவே வாழும் நம் பகுதியினர் ‘பாறை இசை’ என்றால் கல்லைத் தட்டி எழுப்பும் ஒலி என்றே கொள்வர். ‘துள்ளிசை’யும் பொருந்தாது, ஒப்பாரிக்கு நிகரான சோகப்பாடல்களும் இவ்வகையில் உண்டு. 1965இல் அமெரிக்காவின் பேர்ட்ஸ் (The Byrds) குழு, பன்னிரண்டு தந்தி மின்கித்தாரோடு தன் முதல் தொகுப்பை வெளியிட்ட காலத்தில்தான் இவ்வகைக்குரிய ஆங்கிலப் பெயர் இதழ்களில் பரவியது. (நம் தருமபுரி, சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அவ்வாண்டில்தான்.) ‘ராக்’ என்பதை அப்படியே ஏற்று, நாட்டார் வழக்காற்றியல் (folklore) என்ற துறைப்பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால், ‘நாட்டார் ராக்’ என்றே எழுதலாம் என்பது என் கருத்து.

‘மரபிசை’தான் என்னை மிகவும் உறுத்துகிறது. இச்சொல்லைக் கண்டதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது சபா மேடையும் கருநாடக இசையுமே. மாரியம்மன் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் முழக்குவோரை அச்சொல் வெளியே நிறுத்திவிடுகிறது. ‘நாட்டார் இசை’ என்றும் சுருக்கிவிட முடியாது. தி பேண்ட் (The Band) என்ற ராக் குழு 1968இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் நாட்டார் மெட்டுகளோடு, தேவாலயப் பாடல்முறை, கன்ட்ரி என்னும் அமெரிக்க ஊர்ப்புறப் பாட்டு, ரிதம் அண்ட் புளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை ஆகியனவும் உள்ளன. இவற்றுட் சில இசைத்தட்டு வணிகத்தின் வழியே வளர்ந்தவை என்பதால் ‘நாட்டார்’ என்ற வேலிக்குள் அடங்கா. ஆனால் ராக் இவை அனைத்திலிருந்தும் முளைத்தது. ஆகவே, ‘வேர்ச்சொல்’ என்பதை ஒட்டி ‘வேரிசை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

அவ்வகைகள் சேர்வதைக் ‘கலப்பு’ எனாமல் ‘இணைப்பு’ என்க. பம்பையில் ஒரு முழவு மரத்தாலும் மற்றொன்று உலோகத்தாலும் ஆனவை. சேர்த்துக் கட்டி முழக்கினாலும் ஒவ்வொன்றின் குரலும் தனியே கேட்கும். நல்ல வேரிசைத் தொகுப்பும் அப்படித்தான் ஒலிக்கிறது.

‘அரங்கேற்றம்’ தவறான பொருள் தரும். மேற்சொன்ன தி பேண்ட் குழுவினர் பிற பாடகர்களுக்குப் பல ஆண்டுகள் மேடையில் வாசித்த பின்னரே தம் பெயரில் தொகுப்பு வெளியிட்டனர். ‘முதல் இசைத்தொகுப்பு’ என்பதே போதும்.

*

ஓசூரிலிருந்து மறுமொழி:

ஐயா, வணக்கம். நாட்டார் ராக், முதல் இசைத்தொகுப்பு ஆகிய இரண்டையும் ஏற்கிறேன். ‘வேரிசை’யில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பேச்சில் ரகரமும் றகரமும் வேறுபடாமையால், அது ‘வேறு இசை’ என்று செவியில் விழும். தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எங்கள் ஊரில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். தெலுங்கில் ‘வேரு’ என்பது மரத்தின் வேரையும் குறிக்கும், வேறானதையும் குறிக்கும். வானொலியில் படிக்க நேர்ந்தால் கேட்பவர் குழம்புவார்.

*

அன்புள்ள ஓசூர் நண்பருக்கு,

நீங்கள் சொல்வது உண்மை. எழுத்தை மட்டுமே நோக்கியதால் அது எனக்குத் தோன்றவில்லை. வல்லினம் மிகும் புணர்ச்சி இதற்குத் துணை செய்யும்: ‘வேர்ச்சொல்’லையும் ‘வேறு சொல்’லையும் எவரும் மயங்கிக் கேட்பதில்லை. எனவே அச்சில் ‘வேரிசை’ என்றும், வாய்ப்பாடல் இடம்பெறும் இத்தகைய தொகுப்புகளைப் பற்றிப் பேசும்போது ‘வேர்ப்பாட்டு’ என்றும் வழங்கலாம். உங்கள் கட்டுரையின் முதல் வரியை இவ்வாறு அமைத்துப் பாருங்கள்: “இந்த நாட்டார் ராக் குழு, தன் முதல் இசைத்தொகுப்பில் வேரிசை வகைகள் பலவற்றை, அவற்றின் தனிக்குரல் கெடாமல் இணைத்திருக்கிறது.”