மருந்துக் குறிப்பில் ‘மயக்கம்’ என்று போடலாமா?

வணக்கம். நாங்கள் மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்துப் பெரியவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்க மருந்துக் குறிப்பு தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ஒரே ஒரு சொல்லில் மாட்டி நிற்கிறது.

சளி, அரிப்புக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின் மாத்திரை போட்டால் கண் சொருகும், மோட்டார் ஓட்டக்கூடாது. இதைத்தான் சொல்லவேண்டும். உறையில் மலாயில் எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் பல பாட்டிமார்களுக்கு அது வாசிக்க வராது.

முதலில் ‘மயக்கம் வரும்’ என்று எழுதினேன். வாசித்துக் காட்டியதும் பாட்டி, “மயங்கி விழுந்துருவேனாய்யா?” என்று மாத்திரையையே தள்ளி வைத்துவிட்டார். அறுவைக்குமுன் கொடுப்பதும் மயக்க மருந்துதானே, அந்தப் பயம். அகராதியைத் திறந்தால் கலப்பு, தடுமாற்றம், மோகம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. தொல்காப்பியத்தில், வேற்றுமைகள் ஒன்றோடொன்று கலப்பதைச் சொல்ல, ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஓர் இயலே உண்டு. தூக்கத்துக்கு மட்டும் அது ஒதுங்கி நிற்பதில்லை.

அப்புறம் ‘தூக்கம் வரும்’ என்று மாற்றினேன். பக்கத்து வீட்டு மாமா, “நல்லதுதானே, ராத்திரி தூங்கலாம்” என்றார். அவர் காலையில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டப் போகிறவர், நீளக் கம்பில் அரிவாளோடு. ‘அசதி’ என்றால் வேலைக் களைப்பு என்கிறார்கள். ‘தூக்கக் கலக்கம்’ தூங்கி எழுந்தவருக்குத்தான் என்கிறார்கள். ‘கண்ணைச் சொக்கும்’ என்றதும் எல்லாருக்கும் சட்டென்று புரிந்தது, ஆனால் மருந்துத் தாளில் அச்சடிக்கத் தயக்கமாக இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பயப்படாமலும், லேசாக எடுத்துக்கொள்ளாமலும் புரிந்துகொள்ள எந்தச் சொல்லைப் போடலாம்?