மறு: ஸ்வெல் அலைக்குத் தமிழ்ச் சொல் – ‘நெட்டலை’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைதூரப் புயலில் பிறந்து, காற்றின் துணையில்லாமல் கரைவரை வரும் நீண்ட கடல் அலையை ஆங்கிலத்தில் ஸ்வெல் (swell) என்கிறார்கள். அதற்கு ஈடாக வீங்கலை, பெருக்கலை, தொலைவலை, கடல் கொந்தளிப்பு, கள்ளக்கடல் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. முன்வைத்தவர்களுக்கு நன்றி. எனக்கு ஐந்திலும் ஏதோ ஒரு குறை தெரிகிறது. அதைச் சொல்லுமுன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். நம் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஆடிக் காற்றில் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் எழும் அலையை நம்மில் பலர் பார்த்திருப்போம். அங்கேயே வீசும் காற்று எழுப்புவது அது. சிறியது, நெருக்கமானது, காற்று நின்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கடலிலும் இந்த வகை உண்டு. ஐந்தாறு நொடிக்கு ஒரு முகடு வந்துகொண்டிருக்கும்.

ஸ்வெல் வேறு. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், 40 டிகிரி தென் அட்சரேகையைத் தாண்டினால், ஆண்டு முழுதும் பெரும் புயல்கள் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தபடி இருக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் அவை நாள்கணக்கில் நீரைத் தள்ளுகின்றன. அங்கே பிறக்கும் நீண்ட அலைகள் புயலை விட்டுப் பிரிந்து தாமாகவே பயணம் கிளம்பிவிடுகின்றன. அதன்பிறகு அவற்றுக்குக் காற்றின் துணை தேவையில்லை. குட்டை அலைகள் வழியிலேயே ஓய்ந்துபோகும்; நீண்டவை ஆற்றலை அதிகம் இழக்காமல் வந்துசேரும். 1963-இல் கடலியலாளர் வால்டர் மங்க் குழுவினர் தென் கடல் புயல்களின் அலைகளைப் பசிபிக் பெருங்கடல் நெடுக, அலாஸ்கா வரை, பின்தொடர்ந்து அளந்து காட்டினார்கள்.

18 நொடி அலைவுக்காலம் (ஒரு முகடு கடந்தபின் அடுத்தது வர ஆகும் நேரம்) உள்ள ஓர் அலைத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சுமார் 500 மீட்டர் இருக்கும். அந்தத் தொடர் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், நாளுக்கு 1,200 கிலோமீட்டர் நகரும். 6,000 கிலோமீட்டர் தெற்கே புயல் அடித்தால் ஐந்தாம் நாள் அதன் அலை கன்னியாகுமரியில். நடுக்கடலில் ஒன்றிரண்டு மீட்டர் உயரம்தான் இருக்கலாம். படகு மெதுவாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் தடைபட்டு, ஆற்றல் நெருங்கிச் சேர்ந்து, அலை உயர்கிறது. அதுவும் கூட்டம் கூட்டமாக வரும்: சில நிமிடம் அமைதி, பிறகு அடுத்தடுத்துப் பெரிய அலைகள். வானம் தெளிவாக இருக்கும், காற்றே இல்லாமலும் இருக்கலாம்.

சரி, இப்போது சொற்கள்.

‘கொந்தளிப்பு’, ‘சீற்றம்’ இரண்டும் செய்தித்தாள்களில் எல்லாவற்றுக்கும் பயன்படுகின்றன. இவற்றைப் படித்தவுடன் காற்றும் மழையும் நுரையும்தான் மனத்தில் வரும். அப்படி நினைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர், அங்கே வெயிலும் அமைதியான நீரும் இருப்பதைப் பார்த்தால், எச்சரிக்கை நீங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். ஆபத்தான பிழை இது. இந்தப் பொருளுக்கு இவ்விரண்டையும் அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘வீங்கலை’யும் ‘பெருக்கலை’யும் பேச்சில் வீங்கவில்லை, பெருக்கவில்லை என்றே காதில் விழும். வானொலியில் வாசித்தால் பொருளே தலைகீழாகிவிடும். ‘தொலைவலை’ கருத்தளவில் அருமை. ஆனால் கண் அதைத் தொலை, வலை என்று பிரித்துப் படிக்கிறது. வலை வீசிப் பிழைப்பவர்களுக்கான செய்தியில் அது ஒத்துவராது.

‘கள்ளக்கடல்’ கேரளக் கரை மீனவர்களின் சொல். திருடனைப் போல் சத்தமில்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2012-இல் யுனெஸ்கோவும் அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. உழைப்பவர்கள் பார்த்துப் பழகி வைத்த பெயர் உலக அறிவியலுக்குள் போனதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அது அலையின் பெயரல்ல. அந்த அலை கரையேறி ஊருக்குள் நீர் புகும் நிகழ்வின் பெயர். ஸ்வெல் ஏறக்குறைய எல்லா நாளும் கடலில் இருக்கும், கள்ளக்கடல் சில நாள்தான் வரும். எனவே கள்ளக்கடலை அதன் இடத்திலேயே வைத்துக்கொண்டு, அதற்குக் காரணமான அலைக்கு வேறு சொல் தேட வேண்டும்.

என் முன்மொழிவு ‘நெட்டலை’. நெடு என்பது உயிரெழுத்துக்கு முன் நெட்டு ஆகும்: நெட்டெழுத்து, நெட்டுயிர்ப்பு. அதே வழியில் நெடு + அலை, நெட்டலை. அலைநீளம் நெடிது, வந்த வழி நெடிது, இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரமும் நெடிது. இந்த மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. குறிலையும் நெடிலையும் நம் இலக்கணம் ஒலிக்கும் நேரத்தை வைத்தே பிரித்தது. கடலியலாரும் அலைவுக்காலத்தைப் பார்த்தே இந்த அலைகளை இனம் காண்கிறார்கள். அப்படியானால் அங்கேயே எழும் காற்றலைக்கு இணைச்சொல்லும் கிடைத்துவிடுகிறது: குற்றெழுத்து போலக் ‘குற்றலை’.

கடலே இல்லாத சேலத்தில் உட்கார்ந்து இதற்கு ஏன் இத்தனை பாடு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நமக்குத்தான் இது அதிகம் தேவை என்பேன். கள்ளக்கடல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. நம் பிள்ளைகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். வேன் பிடித்துக் கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் போகிறோம். கரையில் பிறந்தவர் நீரின் போக்கைப் பார்த்தே விலகி நிற்பார். சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து போகிறவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்றால் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு என்று இங்கேயும் பேசுகிறோம். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கும் புயலுக்குக் கூண்டு இல்லை.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கடல் நிலையைக் கணித்து அறிவிக்கும், ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் அதற்கு முன்பே எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. படித்த பிள்ளைகள். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, கடலைப் பார்க்காத ஊர்க்காரருக்கும் சட்டென்று புரியும் சொல் வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

– சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து

*

தம்பிக்கு,

நெட்டலை நன்றாக இருக்கிறது. ஏற்காட்டில் நாற்பது பேர் வகுப்பில் சொன்னாலும் நிற்கும். ஆனால் நெட்டை என்றால் நம் பக்கம் உயரம். பனை உயர அலையை எதிர்பார்த்துப் போகிறவன், இடுப்பளவு அலையைப் பார்த்ததும் இது அதுவல்ல என்று இறங்கிவிடுவான். கொந்தளிப்புக்கு நீ சொன்ன அதே குறை இங்கேயும் வருகிறது. குற்றலை எனக்கு ஒப்பவில்லை. குற்றம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. காற்றலை என்றே வைத்தால் என்ன?

*

ஐயா, வணக்கம்.

உயரம் பற்றி நீங்கள் சொன்னது சரி. சொல்லை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியாது. நெடும்பயணம், நெடுஞ்சாலை என நெடு நீளத்தையும் குறிப்பதால் சொல்லை விட வேண்டாம். ஆனால் பொது எச்சரிக்கையில் அலை எங்கிருந்து வருகிறது, எத்தனை நொடிக்கு ஒன்று என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுவோம். காற்றலை வேண்டாம் ஐயா, ஒரு துணைக்கால் கூடிவிட்டால் காற்றாலை ஆகிவிடும். குற்றலையைப் பாடநூல் அளவில் வைத்துக்கொண்டு, செய்தியில் ‘காற்று எழுப்பும் அலை’ என்று விரித்தே சொல்லலாம்.

மாதிரிக்கு ஒரு வரைவு:

‘தென் பெருங்கடல் புயலில் எழுந்த நெட்டலை நாளை கன்னியாகுமரி, தூத்துக்குடி கரைகளை அடையும். சுமார் 18 நொடிக்கு ஒரு முறை அலை வரும். நடுவில் சில நிமிடம் கடல் அடங்கியதுபோல் இருக்கும். காற்று இல்லாவிட்டாலும், வானம் தெளிவாக இருந்தாலும், பாறைகளில் நிற்காதீர்கள், நீரில் இறங்காதீர்கள்.’

குளச்சல், மணப்பாடு பக்கம் உறவுக்காரர் உள்ளவர்கள் இதை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். கரையில் ஏற்கெனவே புழங்கும் சொல் இருந்தால் அதற்கே முதலிடம். அப்படி ஒன்று கிடைத்தால் நெட்டலையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அப்புறம், அடுத்ததாக ‘சிக்னிஃபிகன்ட்’ அலை உயரத்தை எடுப்போம். அளந்த அலைகளில் உயரமான மூன்றிலொரு பங்கின் சராசரி அது. அறிவிப்பில் 2 மீட்டர் என்றால், தனி அலை ஒன்று 4 மீட்டரைத் தொடலாம். இதைச் ‘சராசரி’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.