ஆரல்வாய்மொழி தோப்புல ஈயக் குண்டு கிடைச்சிருக்கு, என்ன செய்யணும்?

மலையடிவாரம்:
கணவாய்ப் பக்கம் எங்க தென்னந்தோப்பு. ஜேசிபி விட்டு வாய்க்கால் தோண்டினதுல மூணு ஈயக் குண்டும் பச்சை பிடிச்ச ஒரு செப்புக் காசும் வந்திருக்கு. 1809-ல திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பி காலத்துல கிழக்கிந்தியக் கம்பெனியோட நடந்த சண்டையில உள்ளதா இருக்குமா? புளி போட்டுத் தேய்க்கலாமா? மெட்டல் டிடெக்டர் வாங்கி மிச்ச இடத்தையும் பார்க்கலாம்னு நினைக்கேன்.

வேணாட்டான்:
புளி குத்துவிளக்குக்குத்தான். காசு மேல இருக்க பச்சைப் படலத்துலதான் எழுத்தே நிக்குது, அதைக் கரைச்சா முத்திரையும் போயிரும். ஈயத்துக்கும் புளி, வினிகர் ஆகாது. மெத்துன்னு உள்ள பிரஷ்ஷை பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர்ல (ஆசிட் இல்லை) லேசா நனைச்சு மண்ணை மட்டும் எடுங்க. காசுல வெளிறின பச்சைத் தூள் திரும்பத் திரும்ப உதிர்ந்தா உப்பு உள்ளே ஏறியிருக்கு. சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்க. ஈயத்தை மரப்பெட்டியில வைக்காதீங்க, மரத்துல இருந்து வர்ற அமில ஆவி அரிச்சு வெள்ளைப் பொடியாக்கிரும். தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவணும்.

இனி அளவு. கம்பெனிப் படை வச்சிருந்த பிரவுன் பெஸ் துப்பாக்கிக் குழல் சுமார் 19 மி.மீ. வெடிமருந்துக் கசடு படிஞ்சாலும் குண்டு இறங்கணும்ல, அதனால குண்டு 17.5 மி.மீ. பக்கம்தான், எடை 31, 32 கிராம். நகைத் தராசுல நிறுத்துப் பாருங்க. நடுவுல துளை இருந்தா வலைக்குக் கட்டுற ஈயம், நம்ம கடற்கரை ஊர்கள்ல சர்வ சாதாரணம். குண்டு வார்த்த அச்சோட ரெண்டு பாதியும் இணைந்த கோடு சுத்தி அப்படியே தெரிஞ்சா பெரும்பாலும் சுடாத குண்டு. நசுங்கியிருந்தா எதிலோ மோதினது. ஆனா அளவு ஒத்து வந்துட்டுன்னு 1809-னு எழுதிராதீங்க. அந்தத் துப்பாக்கி முன்னும் பின்னும் பல பத்தாண்டு புழங்கினது.

பழைய சக்கரம்:
டிடெக்டருக்கு முன்னாடி சட்டம். 1878 புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ள கிடைச்ச பொருள் பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும்: என்ன பொருள், தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி. சொந்த நிலம்னாலும் இதான் விதி. மறைச்சா அபராதமோ ஓராண்டு வரை சிறையோ உண்டு. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்க. உதயகிரிக் கோட்டை, வட்டக்கோட்டை பக்கம் டிடெக்டரோட போற நினைப்பே வேண்டாம், ரெண்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கு.

ஜேசிபி அள்ளிப் போட்ட குவியல்ல கிடைச்சதுக்கு ஆழம் சொல்ல முடியாது. இனி ஏதாவது தட்டுப்பட்டா எடுக்க முன்னாடியே அளவுகோல் வச்சுப் போட்டோ, ஜிபிஎஸ் புள்ளி. நசுங்கின குண்டும் நசுங்காததும் எங்கெங்க கிடந்ததுன்னு வரைபடத்துல குறிச்சாத்தான் யாரு எந்தப் பக்கம் நின்னான்னு ஊகிக்கவே முடியும்.

மலையடிவாரம்:
ஒண்ணு 31.4 கிராம், துளை இல்லை. மத்த ரெண்டுலயும் துளை இருக்கு அண்ணா.

வேணாட்டான்:
அப்ப அந்த ரெண்டும் வலை ஈயம்தான், தனியா வையுங்க. இன்னொண்ணு: ஓட்டை வச்ச, உள்ளே கூடா இருக்கிற இரும்பு உருண்டை வந்தா தட்டவோ கழுவவோ கூடாது. வெடிமருந்து உள்ளேயே இருக்கலாம். ஜேசிபியை நிப்பாட்டிட்டு போலீசுக்குச் சொல்லுங்க.