நாலு சட்டைக்கும் லெவல் 5, 62 நிமிஷம்: டாப் லோடு மெஷின் எடையைத் தப்பாகக் கணிக்கிறது, உதவி தேவை

பித்தான்:
வணக்கம். 7 கிலோ டாப் லோடு, ஃபுல்லி ஆட்டோமேட்டிக், வாங்கி 6 வருஷம். நாலைந்து சட்டை போட்டால் தண்ணீர் லெவல் 2, 38 நிமிஷம் என்று காட்டும். இரண்டு வாரமாக என்ன போட்டாலும் லெவல் 5, 62 நிமிஷம். பிழைக் குறி ஏதும் வரவில்லை. தண்ணீரும் நேரமும்தான் வீண். பார்க்க வந்தவர் மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டை மாற்றச் சொல்கிறார். போர்டுதானா?

மின்கம்பி:
போர்டுக்கு இப்போதே காசு கொடுக்காதீர்கள். உள்ளே தராசு எதுவும் கிடையாது. தண்ணீர் திறக்கும் முன்பு பல்சேட்டர் (டப்பின் அடியில் சுற்றும் தட்டு) இடமும் வலமுமாகச் சில தடவை வெட்டி வெட்டி ஆடுகிறதே, அதுதான் எடை போடுவது. ஒவ்வொரு ஆட்டத்திலும் மோட்டாருக்குக் கரண்டை நிறுத்திவிட்டு, அது வந்த வேகத்தில் இன்னும் எவ்வளவு சுற்றுகிறது என்று போர்டு எண்ணும். துணி குறைவென்றால் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும், அதிகமென்றால் சட்டென்று நின்றுவிடும். சீக்கிரம் நின்றால் சுமை அதிகம் என்று கணக்கு. லெவலும் நிமிஷமும் அதிலிருந்துதான் வருகின்றன. ஆக, பல்சேட்டரை எது பிடித்து இழுத்தாலும் போர்டுக்கு அது துணிதான்.

ஒரு சோதனை செய்யுங்கள். டப்பில் துணியும் இருக்கக்கூடாது, தண்ணீரும் இருக்கக்கூடாது. வழக்கமான புரோகிராமில் ஸ்டார்ட் கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் எந்த லெவல் காட்டுகிறது என்று பாருங்கள். ஆகக் குறைந்த லெவலே வர வேண்டும், அதாவது 1. இன்னொன்று, துணியை வாளியில் ஊறவைத்துப் போடுகிறீர்களா? ஈரத்துணி கனம், அதற்கு லெவல் கூடத்தான் செய்யும்.

பித்தான்:
உலர்ந்த துணிதான் போடுகிறேன் சார். காலி டப்பிலும் லெவல் 5 வருகிறது!

மின்கம்பி:
அப்படியானால் துணி காரணமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பல்சேட்டரைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஏதாவது ஓர் இடத்தில் உரசுகிறதா, கரகரக்கிறதா? உரசினால் கழற்ற வேண்டியதுதான். நடுவில் மூடி இருந்தால் நெம்பி எடுங்கள், கீழே ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றியதும் பல்சேட்டர் லேசில் வராது, சோப்புக் கசடு பிடித்திருக்கும். ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் விரியும். எதிரெதிர் ஓட்டைகளில் நாடாக் கயிறு கோத்து இரண்டு பக்கமும் சமமாக மேலே இழுங்கள். அடியில் காசு, ஊக்கு, நூல் சுருள் என்று ஏதாவது கிடக்கும். திரும்ப மாட்டும்போது நடுவில் உள்ள பல்லும் தண்டில் உள்ள பல்லும் பொருந்தி முழுசாக உட்கார்ந்த பிறகே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அரைகுறையாக உட்கார்ந்தால் பல் தேய்ந்து, மோட்டார் ஓடும், பல்சேட்டர் ஓடாது.

கழுவுதொட்டி:
பெல்ட்டையும் பாருங்கனு யாராவது சொல்வாங்க. இந்தக் கேஸ்ல அது இல்லை. பெல்ட் தளர்ந்து வழுக்கினா மோட்டார் தனியா லேசா ஓடும், லெவல் குறைச்சலாத்தான் காட்டும். உங்களுக்கு நேர் எதிர்.

மாடிப்படி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுடையது ஃப்ரன்ட் லோடு. ஸ்டார்ட் கொடுத்ததும் 58 நிமிஷம் காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் 1 மணி 25 ஆகிறது. கடைசியில் 9 நிமிஷத்திலேயே கால் மணி நேரம் நிற்கிறது. ரிப்பேரா?

கழுவுதொட்டி:
ரிப்பேர் இல்லைங்க. முதல்ல காட்டுறது வெறும் உத்தேசம். டிரம்மைச் சுத்த மோட்டார் எவ்வளவு திணறுதுனு பார்த்த பிறகுதான் நேரத்தைத் திருத்தும். ஒரே எடைக்குக்கூட மாறும். டர்க்கி டவல் தண்ணியை உறிஞ்சும், மட்டம் இறங்க இறங்க மெஷின் மறுபடி மறுபடி பிடிக்கும். பாலியஸ்டருக்கு அந்த வேலை இல்லை. சூடு வேற இருக்கு. 15 லிட்டர் தண்ணியை 28 டிகிரியிலிருந்து 60க்கு ஏத்த 2 கிலோவாட் ஹீட்டருக்குக் கிட்டத்தட்ட 17 நிமிஷம். 40 வெச்சா 6 நிமிஷம் சொச்சம்தான்.

9 நிமிஷத்துல நிக்கிறது ஸ்பின்னுக்கு முன்னாடி. துணி ஒரே பக்கம் ஒதுங்கினா, பிரிச்சு விட்டு மறுபடி முயற்சி பண்ணும். ஒத்தைப் போர்வையைத் தனியா போடாதீங்க, கூட ரெண்டு டவல் போடுங்க. சோப்பு நுரை அதிகமானாலும் இதே கதைதான்.

பித்தான்:
கழற்றிவிட்டேன். ஒரு சேஃப்டி பின், கட்டைவிரல் தடிமனுக்கு நூல் சுருள், கறுப்பாகக் களிமண் மாதிரி கசடு. சுத்தம் செய்த பிறகு காலி டப்பில் 1, நாலு சட்டைக்கு 2. ஆனால் சாயங்காலம் 7 மணிக்கு அதே நாலு சட்டைக்கு 4 காட்டுகிறது. காலையில் மறுபடி 2.

மின்கம்பி:
ஏழு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு?

பித்தான்:
மீட்டரில் 190. காலையில் 230.

மின்கம்பி:
அதுதான். இந்த வகை மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 190ல் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆட்டத்தில் வேகம் பிடிக்காத மோட்டார், கரண்ட் நின்றதும் தூரமும் ஓடாது. போர்டு அதைச் சுமை என்று எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் இரண்டு லெவல் ஏறுவது கொஞ்சம் அதிகம், மோட்டார் கிளம்பவும் ஓடவும் உதவும் கெபாசிட்டரும் தளர்ந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு முனையையும் ரெசிஸ்டர் வைத்துச் சார்ஜ் இறக்கிய பிறகு, ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். பழக்கமில்லாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

பித்தான்:
எலக்ட்ரீஷியன் அளந்தார். மேலே 12 மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருக்கிறது, மீட்டர் 9.1 காட்டுகிறது.

மின்கம்பி:
மாற்றிவிடுங்கள். அதே 12, வோல்ட் அளவு பழையதில் போட்டிருப்பதற்குக் குறையக்கூடாது. மாற்றிய பிறகும் சாயங்காலம் 3 காட்டினால் கையால் லெவல் 2க்கு இறக்கிக்கொள்ளுங்கள். நாலு சட்டையை லெவல் 4 தண்ணீரில் விட்டால் துணி மிதக்கும், ஒன்றோடொன்று உரசாது, சோப்பும் நீர்த்துப்போகும்.