ஐந்து மணி டைம்டேபிள் ஒத்துவரவில்லை, வேறு மாதிரி காலை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

மேடவாக்கத்தான் கேட்டது:

ஆபீஸில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஐந்து மணிக்கு எழு, ஐந்தேகாலுக்குப் பச்சைத் தண்ணீரில் குளி, ஐந்தரைக்கு நடை, ஆறுக்குத் தியானம், ஆறேகாலுக்கு டைரி, பிறகு பத்துப் பக்கம் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், கட்டத்தில் டிக். 21 நாள் விடாமல் செய்தால் தானாகப் பழகிவிடும் என்று வகுப்பெடுத்தவர் அடித்துச் சொன்னார்.

எனக்கு வேலை நண்பகல் 12 முதல் இரவு 9 வரை. வீடு வந்து சாப்பிட்டுப் படுக்க பன்னிரண்டு தாண்டிவிடும். ஐந்து மணிக்கு எழுந்தால் பகல் மூன்று மணி மீட்டிங்கில் கண் சொருகுகிறது. எழாவிட்டால் அந்தக் காலிக் கட்டம் உறுத்துகிறது, எட்டு மணிக்கே அந்த நாள் கெட்டுப்போன மாதிரி ஒரு எரிச்சல், அது மனைவி மேலும் பையன் மேலும்தான் போய் விழுகிறது. சரி, டைம்டேபிளே வேண்டாம் என்று விட்டால் இன்னொரு பக்கம் போன் இருக்கிறது. படுத்த வாக்கிலேயே ரீல்ஸ் பார்த்து ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

கும்பகோணத்தில் அம்மா இருக்கிறார். அலாரம் வைத்து நான் பார்த்ததில்லை. எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, காபி குடித்து, ஒரு அவசரமும் இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவார். எந்தக் கட்டமும் இல்லை, எந்த டிக்கும் இல்லை, ஆனால் ஒரு நாளும் தவறாது. அந்த மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும். பையனுக்குக் காய்ச்சல் வந்தாலும் கரண்ட் போனாலும் உடைந்துபோகாத ஒன்று. இதமாகக் காலையை ஆரம்பிக்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

---

பித்தளை ஃபில்டர்:

என்னுடையது ரொம்பச் சின்னது. மணியைப் பார்க்க மாட்டேன், வரிசையை மட்டும் மாற்ற மாட்டேன். ஆறு மணிக்கு எழுந்தாலும் எட்டு மணிக்கு எழுந்தாலும் முதலில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறப்பேன், அடுப்பில் தண்ணீர் வைப்பேன், ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, குடையை (காம்பு வைத்த துளைத் தட்டு) வைத்து லேசாக அழுத்தி, கொதித்த தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி மூடிவிடுவேன். அவ்வளவுதான் வேலை. இனி டிகாக்‌ஷன் இறங்க இருபது நிமிடம் ஆகும், நாம் தலைகீழாக நின்றாலும் சீக்கிரம் இறங்காது. தூள் ரொம்ப நைஸாக இருந்தால் சொட்டுவதே நின்றுவிடும், அப்போது மேல் பாத்திரத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், அதன் விளிம்பு சுடும், அந்தச் சூட்டில்தான் எனக்குத் தூக்கம் முழுதாகக் கலையும்.

அந்த இருபது நிமிடம்தான் என் காலை. பால்கனியில் உட்காருவேன், செடிக்குத் தண்ணீர் விடுவேன், எதிர் வீட்டு நாயைப் பார்ப்பேன், சில நாள் எதையும் பார்க்க மாட்டேன். தியானம் என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை. போன் ஹாலில் சார்ஜில் கிடக்கும், காபி முடிகிற வரை தொடுவதில்லை. படுக்கையறையில் போன் இருந்தால் மன உறுதியை நம்ப வேண்டியிருக்கிறது, காலையில் எனக்கு அது கிடையாது. இருநூறு ரூபாய்க்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள்.

---

நைட் டூட்டி நர்ஸ்:

அண்ணா, முதலில் தூக்கக் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. அந்தக் கடனை வைத்துக்கொண்டு பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் வெந்நீரில் குளித்தாலும் மூன்று மணி மீட்டிங்கில் கண் சொருகத்தான் செய்யும். உங்களுக்குச் சோம்பல் இல்லை.

எல்லோருடைய உடம்புக் கடிகாரமும் ஒரே மணியைக் காட்டாது. சிலர் இயல்பிலேயே சீக்கிரம் விழிப்பவர்கள், சிலர் தாமதமாக. இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு, வயதுக்கும் உண்டு. பதின்ம வயதில் தூக்கம் பின்னால் தள்ளிப்போகும், வயதாக ஆக முன்னால் வரும். உங்கள் அம்மா அலாரம் இல்லாமல் எழுவதில் வயதும் கொஞ்சம் இருக்கிறது. கண் விழித்தவுடன் மண்டை மந்தமாக இருப்பதும் இயற்கைதான், பெரும்பாலும் அரை மணிக்குள் தெளிந்துவிடும், தூக்கம் பற்றாமல் இருந்தால் இழுத்துக்கொண்டே போகும். அந்த மந்தத்தில் இருக்கிறவரை ஓடு, எழுது, சாதி என்று விரட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

என் காலை பகல் மூன்று மணிக்கு. டூட்டி முடிந்து எட்டரைக்கு வந்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுப் படுத்தால் மூன்றுக்குத்தான் விழிப்பு. எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போய்க் காயப்போட்ட துணிகளை எடுத்து அங்கேயே நின்று மடிப்பேன். காரணம் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள், ட்யூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம், வெளியில் மேகமூட்டமான பகலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். மூளையில் இருக்கிற கடிகாரம் கண் வழியாக வருகிற வெளிச்சத்தை வைத்துத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எழுந்தவுடன் வெளியே போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். கரண்ட் போனாலும் இது நடக்கும்.

---

கோலப்பொடி:

தம்பி, அம்மாவின் காலை இதமாக இருந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

அலாரம் இல்லை என்கிறீர்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் விடிவதற்கு முன்னால் வந்து விடிவதற்குள் நின்றுவிடும், அதுதான் அலாரம். அப்புறம் பால்காரர் மணி, அப்புறம் மாமனாரின் செருமல். அவர் திண்ணைக்கு வரும்போது காபி தயாராக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அவசரமில்லாமல் போவது மாதிரி தெரிவது கை பழக்கம், மனசுக்குள் என்ன ஓடியது என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும். காபியை வேறொருவர் போட்டு வைத்தால் யாருடைய காலையும் இதமாகத்தான் இருக்கும். (பித்தளை ஃபில்டர் தானே போட்டுக்கொள்கிறார், அவரைச் சொல்லவில்லை.)

ஆனால் கோலத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன். கோலத்துக்கு அளவு கிடையாது. சாதாரண நாளில் நாலு புள்ளி வைத்து ஒரு சுழி, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை கொஞ்சம் பெரிதாக, ஓரத்தில் காவி. மார்கழியில் பதினைந்து புள்ளி, எட்டு வரை இடைப்புள்ளி, குனிந்து போட்டு நிமிரும்போது இடுப்பு விட்டுப்போகும், ஆனால் அந்த முப்பது நாளும் அதில் ஒரு குஷி உண்டு. மழை பெய்தால் நிலைப்படிக்கு உள்ளே சின்னதாக ஒன்று. உடம்பு முடியாவிட்டால் மகள் போடுவாள், கோணலாக இருக்கும், யாரும் அழிக்க மாட்டார்கள். வீட்டில் சாவு விழுந்தால் போடுவதே இல்லை. திதி கொடுக்கிற நாளில் காலையில் கிடையாது. எதிர்வீட்டில் கோலம் இல்லை என்றால் தெருவில் போகிறவர் "என்ன, ஏதாவது துக்கமா" என்று விசாரிப்பாரே தவிர, விட்டுவிட்டாயே என்று மார்க் குறைக்க மாட்டார்.

அதற்குள்ளேயே லீவும் இருக்கிறது, சுருக்கமும் இருக்கிறது. உங்கள் ஆபீஸ் வகுப்புக்காரர் கொடுத்த தாளில் அது இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு ஒரு நாலு புள்ளி வடிவம் என்ன என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் நாளுக்கு அது.

எனக்கான காலை பிள்ளைகளை வேனில் ஏற்றிய பிறகுதான். அடுப்பை அணைத்துவிட்டு, ஆறிப்போன என் காபியைச் சூடு பண்ணி, வாசல்படியில் உட்கார்ந்து குடிப்பேன். பத்து நிமிடம். அந்த நேரத்தில் யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை, மாமியார் உட்பட.

---

சிக்னல் நிறுத்தம்:

அந்த 21 நாள் விஷயத்தை யாராவது தொடுவார்கள் என்று பார்த்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புது முகம் கண்ணாடியில் பழக, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தன் நோயாளிகளைப் பார்த்துச் சொன்னார். அந்தக் "குறைந்தது" வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது, மூக்கு பழகுவது நடைப்பயிற்சி பழகுவதாக மாறிவிட்டது.

உண்மையில் அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு, 2010-ல் அச்சில் வந்தது. 96 பேர், 12 வாரம். ஆளுக்கு ஒரு பழக்கம், அதை "காலை உணவுக்குப் பிறகு" என்கிற மாதிரி தினம் ஒருமுறை வருகிற ஒன்றோடு கட்டிக்கொள்ள வேண்டும். தானாக வருகிற அளவுக்குப் பழக நடுவாந்திரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை கணக்கு வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி இழுத்தது. உங்களுக்கு முக்கியமானது இன்னொன்று, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழகுவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஆகவே அந்தக் காலிக் கட்டத்துக்கு நீங்கள் கொடுக்கிற மரியாதை அதிகம்.

---

பென்ஷன் பெரியசாமி:

எல்லோரும் இதம் இதம் என்கிறீர்கள், எதிர்க்கட்சிக்கு ஒரு ஆள் வேண்டாமா? எனக்குத் தைராய்டு. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காபி சேர்ந்தால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. ஆறு மணி என்றால் ஆறு மணிதான். மாத்திரைக்கு மூடு தெரியாது.

அதைவிட, கண்டிப்பு எல்லோருக்கும் பாரம் இல்லை. முப்பத்து சொச்சம் வருஷம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற முதல் மாதம் கைகால் ஓடவில்லை. என்ன செய்வது என்று தினமும் காலையில் யோசிப்பதே பெரிய அலுப்பாக இருந்தது. மணி போட்டு வைத்த பிறகுதான் நிம்மதி. தம்பிக்கு ஒத்துவராதது டைம்டேபிளே என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு வேலைக்குப் போகிறவருக்கு ஒன்பது மணி ஆபீஸ்காரரின் டைம்டேபிளை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

---

கீழக்கரை காற்று:

சகோ, பெரியவர் சொன்னதற்கும் கோலப்பொடி அக்கா சொன்னதற்கும் நடுவில் என்னுடையது. சுபுஹு, அதாவது சூரியன் வருவதற்குள் தொழுகிற விடியற்காலைத் தொழுகை. இது கடமை, இதமான பழக்கம் என்று லேசாகச் சொல்லிவிட முடியாது, நேரம் உண்டு, தள்ளிப்போட முடியாது. ஆனால் அந்த நேரம் கடிகாரத்தில் ஆணி அடித்தது இல்லை, பொழுது விடிவதோடு நகர்ந்துகொண்டே போகும். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.40 சுமாருக்கு வந்துவிடும், ஜனவரி கடைசியில் 6.35 ஆகும். பள்ளிவாசல் சுவரில் இருக்கிற நேர அட்டவணையும் அதோடு நகரும். உண்மையிலேயே அசந்து தூங்கிவிட்டால் எழுந்தவுடன் தொழுதுவிட வேண்டும், அவ்வளவுதான். நாளே போச்சு என்று உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை.

ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்யும்போது முழங்கை வரை குளிர்ந்த தண்ணீர் படும் அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும். முழுக் குளியல் பிறகு, வெந்நீரில்.

---

மேடவாக்கத்தான்:

எல்லோருக்கும் நன்றி. கோலப்பொடி அக்கா, அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "தண்ணி நின்னுடுமேன்னு ஓடுவேன், உனக்கு எங்க தெரியும்" என்றார். அப்புறம், சிரித்துக்கொண்டே, கோலம் போடுகிற நேரம் மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள், அதனால் சில நாள் வேண்டுமென்றே பெரிதாகப் போடுவேன் என்றார். இதை எனக்கு இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை.

தூக்கத்தை முதலில் சரி செய்கிறேன், ஏழரைக்கு எழுந்தால் போதும். பையனுக்கு 8.20-க்கு வேன். எழுந்ததும் மாடிக்குப் போய் வெளிச்சத்தில் நிற்பது, இறங்கி வந்து நானே ஃபில்டரில் தண்ணீர் ஊற்றுவது, டிகாக்‌ஷன் இறங்குகிற வரை பையனோடு உட்கார்ந்து அவன் ஷூவுக்கு லேஸ் கட்டிவிடுவது. நாலு புள்ளி வடிவம், மாடி மட்டும். டைரியும் பத்துப் பக்கமும் வேண்டாம், படிக்க நினைத்தால் ரயிலில் படித்துக்கொள்கிறேன். மனைவியிடம் சொன்னேன், காபி நான் போடுகிறேன் என்றதும் நம்பாமல் பார்த்தாள்.

---

கோலப்பொடி:

அம்மா கெட்டிக்காரி. சரி, காபி போடுவீர்கள், முதல் நாள் சக்கையைத் தட்டி ஃபில்டரைக் கழுவி வைப்பது யார்?

---

பித்தளை ஃபில்டர்:

அக்கா கேட்டது சரியான கேள்வி. ராத்திரியே கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள், ஈரம் இருந்தால் தூள் துளையில் ஒட்டிக்கொள்ளும். துளை அடைத்துப்போனால் மேல் பாத்திரத்தை அடுப்புத் தணலில் ஒரு நிமிடம் காட்டிவிட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் விட்டுவிடும், இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். தூள் வாங்கும்போது கடையில் "ஃபில்டருக்கு, ரொம்ப நைஸாக வேண்டாம்" என்று சொல்லி அரைக்கச் சொல்லுங்கள். சிக்கரி இருபது சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம்.