79ஆம் நிமிடத்தில் விடுதித் தொலைக்காட்சியில் ஓடியது என்ன?

பொள்ளாச்சிப் பையன்:
இந்தக் குழுவில் நேற்று 'நொய்யல் கரை' என்ற பெயரில் எழுதுபவர் இளையவர்களுக்குக் கல்லூரி வாழ்க்கையைப் பற்றி நீண்ட அறிவுரை ஒன்றை எழுதியிருந்தார். ரியாலிட்டி நிகழ்ச்சி பார்ப்பவர்கள் பொழுதைத் தொலைக்கிறார்கள், கால்பந்து பார்ப்பவர்களுக்குத்தான் நல்ல நண்பர்கள் அமைகிறார்கள் என்பது அதன் சாரம். அது அவருடைய கருத்து, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா 2–0 என்று முன்னிலையில் இருந்தபோது, 79ஆம் நிமிடத்தில், தான் எழுந்து நின்று பிரான்சின் எம்பாப்பே இரண்டு கோல் போடப் போகிறார் என்று விடுதிக் கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னதாக எழுதியிருக்கிறார். அந்தக் கூடத்தில் நானும் இருந்தேன். 79ஆம் நிமிடத்தில் அந்தத் தொலைக்காட்சியில் கால்பந்தே ஓடவில்லை. அன்று டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. திரையில் கமல்ஹாசன் இருந்தார், பிக் பாஸ் ஆறாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. ஓடாத ஆட்டத்தை எப்படிக் கணித்தார் என்பதை அவரே விளக்கட்டும்.

நொய்யல் கரை:
சேனல் மாற்றப்பட்டது உண்மை. ஆனால் அது 79ஆம் நிமிடத்தில் அல்ல, கோல்கள் விழுந்த பிறகு. எம்பாப்பேவின் பெனால்டி 80ஆம் நிமிடத்தில் விழுந்தது, அடுத்த கோல் 81ஆம் நிமிடத்தில் விழுந்தது, இரண்டுக்கும் இடையே 97 விநாடிகள்தான். நான் சொன்னது அதற்கு முன்பு. கோப்பையை யார் வெல்வார் என்று நாம் எழுதிவைத்த கணிப்பு நோட்டில், என் பக்கத்தில் அன்று மாலையே பிரான்ஸ் என்றுதான் எழுதியிருந்தேன், அதை நீயும் பார்த்தாய்.

பொள்ளாச்சிப் பையன்:
கோல்கள் விழுந்து ஆட்டம் 2–2 ஆன பிறகு உலகத்தில் எந்த மனிதன் சேனலை மாற்றுவான்? ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்ததால்தான் மாற்றினார்கள். ரிமோட்டை வைத்திருந்தவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது: "ஏனுங்கண்ணா, ரெண்டு கோலுங்க, இனி என்னத்தைங்க பாக்கறது?" இரண்டு கோல் என்றார், இரண்டுக்கு இரண்டு என்று சொல்லவில்லை. ஆகவே மாற்றிய நேரம் 79ஆம் நிமிடமோ அதற்குச் சற்று முன்போதான்.

நோட்டைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் முழுவதும் பேசுவோம். நவம்பர் 22ஆம் தேதி சவூதி அரேபியாவிடம் அர்ஜென்டினா 1–2 என்று தோற்ற அன்று மாலை, அர்ஜென்டினா என்பதை அடித்துவிட்டு பிரேசில் என்று எழுதியவர் நீங்கள். டிசம்பர் 9 அன்று பிரேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் வெளியேறியதும் அதையும் அடித்தீர்கள். அந்த நீல அட்டை நோட்டில் உங்கள் பக்கம் முழுவதும் அடித்தல் திருத்தம்தான். நான் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அர்ஜென்டினா என்றே வைத்திருந்தேன். 2010இல் ஸ்பெயின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோற்றுவிட்டுப் பிறகு கோப்பையை வென்றது என்று அப்போதே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

வாளையார்:
நானும் அதே கூடத்தில்தான் இருந்தேன். தொலைக்காட்சியில் என்ன ஓடியது என்பது முக்கியமே இல்லை, ஏனென்றால் என் கைபேசியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நொய்யல் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ சொன்னார் என்பது நினைவிருக்கிறது. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். கைபேசி ஒளிபரப்பு தொலைக்காட்சியைவிடப் பிந்தித்தான் வரும். மேல்மாடியில் தொலைக்காட்சி பார்த்தவர்களின் கூச்சல் எங்களுக்கு முதலில் கேட்டது, எம்பாப்பே பந்தை வைத்து ஓடி வந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தோம். எனவே 79 என்று யார் சொன்னாலும், யாருடைய திரையில் 79 என்று கேட்க வேண்டும்.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். 2022இல் எங்கள் பக்கம் கோழிக்கோட்டில் புல்லாவூர் ஆற்றுக்குள்ளேயே மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோ ஆகியோரின் உருவங்களை நிறுத்தினார்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால், உலகக் கோப்பை இறுதியின்போது பிக் பாஸுக்குச் சேனல் மாற்றுகிறார்கள். அதுதான் எனக்கு அன்றும் வருத்தம், இன்றும் வருத்தம்.

பொள்ளாச்சிப் பையன்:
வாளையார் அண்ணா, கோவை உக்கடத்தில் பேருந்து ஏறினால் சீக்கிரமே வந்துவிடும் ஊர் உங்களுடையது, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பிரித்துப் பேச வேண்டாம். கொங்கு நாட்டுக்குக் கால்பந்து தெரியாது என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். 2019 மார்ச் 9ஆம் தேதி கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடரின் கோப்பையை எடுத்தது. பெயரில் சென்னை இருந்தாலும் அந்த அணி விளையாடியது நம் மண்ணில். பள்ளித் தேர்வுக்கு நடுவே மாமா என்னைக் கூட்டிச் சென்றார். தொடக்கத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது, அரங்கமே வாயடைத்துப் போனது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில், கோப்பைக்குப் போட்டியில் இருந்த ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்ததால் ஒரு கண் மைதானத்திலும் ஒரு கண் பக்கத்தில் இருந்தவரின் கைபேசியிலுமாக உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியை உள்ளே தள்ளினார், பிறகு கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். ஈஸ்ட் பெங்காலும் வென்றது, ஆனாலும் ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கோவையில் தங்கியது. மாமா தன் துண்டை மேலே எறிந்தார், அது திரும்பி வரவில்லை. அந்த அணி இன்று ஐ-லீகிலேயே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அன்று அரங்கில் இருந்தவனிடம் கால்பந்து தெரியுமா என்று கேட்காதீர்கள்.

கைபேசி பற்றி: நொய்யல் தன் கட்டுரையில் கைபேசி என்று எழுதவில்லை. விடுதித் தொலைக்காட்சியின் முன் எழுந்து நின்றதாகத்தான் எழுதியிருக்கிறார். 79ஆம் நிமிடத்தில் அந்தத் தொலைக்காட்சியில் கமல் இருந்தார்.

பவானி அம்மணி:
இரண்டு நாளாகப் பார்க்கிறேன், பிக் பாஸ் என்ற சொல்லை நீங்கள் எல்லாரும் ஏதோ அழுக்குத் துணியைத் தூக்குவதுபோல் தூக்குகிறீர்கள். நான் பெண்கள் விடுதியில் இருந்தவள். முதலாம் ஆண்டில் யாருடைய பெயரும் தெரியாமல் இருந்த இருபது பேர் இரவு ஒரே பாயில் உட்கார்ந்து பேசத் தொடங்கியது அந்த நிகழ்ச்சியால்தான். வார இறுதியில் ஊருக்குப் போனவள் ஞாயிறு மாலையே பேருந்து ஏறி வந்துவிடுவாள், வெளியேறுவது யார் என்பதைத் தனியாகப் பார்க்க மனம் வராது. அதை நட்பு இல்லை என்கிறாரா நொய்யல்?

கணிப்பு என்று பார்த்தாலும் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை. ஆறாவது சீசனில் அசீம்தான் வெல்வார் என்று நான் நவம்பரிலேயே சொன்னேன். வார இறுதியில் கமலிடம் அத்தனை முறை கண்டிக்கப்பட்டவர் எப்படி வெல்வார் என்று என்னைத் திட்டினார்கள். 2023 ஜனவரியில் கோப்பையை வாங்கியவர் அவர்தான். நான் ஒரு முறைகூட அடித்துத் திருத்தவில்லை.

தாராபுரத்தான்:
அசீம் வென்றதை ஒரு பெருமையாக எழுதுவதை இப்போதுதான் பார்க்கிறேன். நூறு நாளைத் தாண்டி நிதானமாகப் பேசிய விக்ரமன் இரண்டாம் இடத்தில் நின்றார். அந்த இரவுக்குப் பிறகு நான் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கால்பந்தில் கோல் விழுந்தால் அனைவரும் பார்க்கிறோம். இங்கே வாக்கு எவ்வளவு விழுந்தது என்பதை நாம் கண்ணால் பார்ப்பதில்லை, அறிவிப்பதைக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் அம்மணி.

நடந்த விவாதத்துக்கும் ஒரு சொல். 79ஆம் நிமிடத்தில் பிரான்சின் கோலோ முவானியை அர்ஜென்டினாவின் ஒட்டமெண்டி பெனால்டி பெட்டிக்குள் கீழே தள்ளினார், நடுவர் பெனால்டி கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு எம்பாப்பே கோல் போடுவார் என்று சொல்வது கணிப்பா? எதைக் கணிப்பு என்று சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது.

நொய்யல் கரை:
ஒரு கோல் என்று நான் சொல்லவில்லை அண்ணா, இரண்டு என்று சொன்னேன். பெனால்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னேன் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டாவது கோல் யாருக்குத் தெரியும்?

பொள்ளாச்சிப் பையன்:
பெனால்டியைப் பார்த்தேன் என்று இப்போது சொல்கிறீர்கள். எந்தத் திரையில் பார்த்தீர்கள்? 79ஆம் நிமிடத்தில் தொலைக்காட்சியில் கமல் இருந்தார். தாராபுரத்தண்ணா, கணிப்பு என்றால் என்ன என்ற ஆராய்ச்சி பிறகு நடக்கட்டும். ரிமோட் எப்போது கை மாறியது என்பது முதலில் தெரிய வேண்டும்.

பவானி அம்மணி:
விக்ரமன் பெயரைச் சொல்லி என்னை மட்டம் தட்ட வேண்டாம் அண்ணா. எனக்கும் அவரைப் பிடிக்கும். பிடித்தவர் வெல்வார் என்று சொல்வது ஆசை, வெல்லக்கூடியவர் வெல்வார் என்று சொல்வதுதான் கணிப்பு. மெஸ்ஸி வெல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டுக் கணித்தேன் என்று பொள்ளாச்சி மார் தட்டுவதற்கும் இது பொருந்தும்.

பொள்ளாச்சிப் பையன்:
ஆசையா? மூன்று வாரம் என்னைக் கேலி செய்தார்கள், நான் ஒரு எழுத்தை மாற்றவில்லை. இறுதி நடந்த லுசைலில் 3–3 என்று முடிந்து, பெனால்டியில் 4–2 என்று அர்ஜென்டினாவின் மோன்டியெல் கடைசிப் பந்தை உள்ளே அடித்தபோது என் கண்ணில் நீர் வந்தது. பந்தயம் ஆளுக்கு ஒரு தட்டுக் காளான். அந்தக் காளான் இன்றுவரை வரவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது, ஆகவே யாரும் ஜெயிக்கவில்லை என்று அன்று இரவு நொய்யல் சட்டம் பேசினார். பிரான்ஸ் என்று எழுதியவர், பிரான்ஸ் தோற்ற பிறகு, சமன் என்கிறார். இப்போது மூன்று ஆண்டு கழித்து 79ஆம் நிமிடத்தைக் கொண்டுவருகிறார்.

நொய்யல் கரை:
பெனால்டியில் முடிவாகும் ஆட்டத்தை ஏட்டில் சமன் என்றுதான் பதிவு செய்வார்கள். அது என் சட்டம் இல்லை. ஒரு தட்டுக் காளானுக்காக ஒரு செமஸ்டர் முழுவதும் என்னோடு பேசாமல் இருந்தவன் நீ. ஒரே அறை, ஒரே வாளி. காய்ச்சலாக நான் படுத்திருந்தபோது விடுதி உணவகத்திலிருந்து கஞ்சி வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாய். நான்கு ஆண்டுகள் "டா" போட்டுப் பேசியவன் இன்று ஊர் பார்க்க "நீங்கள்" என்கிறாய். எனக்குக் கோபம் அதில்தான்.

பொள்ளாச்சிப் பையன்:
கஞ்சியை இங்கே கொண்டுவர வேண்டாம். பேசாமல் இருந்தது காளானுக்காக இல்லை. எம்பாப்பேவின் இரண்டாவது கோலை நான் நேரலையில் பார்க்கவில்லை, இந்த வாழ்நாளில் இனிப் பார்க்கவும் முடியாது. அந்தச் சேனலை மாற்றச் சொன்ன குரல் யாருடையது என்பது எனக்குத் தெரியும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய அந்த ரிமோட்டை நீட்டியவரைத்தான் எல்லாரும் திட்டினார்கள். "அசீம் என்ன சொன்னான்னு பாப்போம்" என்று பின்னால் இருந்து கேட்டது வேறொருவர். ரியாலிட்டி நிகழ்ச்சி பார்த்தால் பொழுது கெடும் என்று இளையவர்களுக்கு எழுதுபவர் அதையும் எழுதியிருக்க வேண்டும்.

வாளையார்:
அப்படி ஒரு குரல் எழுந்தது எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அது நொய்யல்தானா என்று என்னால் சொல்ல முடியாது. என் கவனம் கைபேசியில் இருந்தது.

நொய்யல் கரை:
ஒரு முறை கேட்டிருப்பேன், இடைவேளையில். 79ஆம் நிமிடத்தில் இல்லை.

பவானி அம்மணி:
ஆக, நொய்யலும் பார்த்திருக்கிறார்!

தாராபுரத்தான்:
2026 ஜூன் 11 அன்று அடுத்த உலகக் கோப்பை தொடங்குகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். பழையதை விட்டுவிட்டு அதற்கான கணிப்பை இங்கேயே எழுதிவையுங்கள், தேதியும் நேரமும் பதிவாகிவிடும். 2024இல் யூரோ கோப்பையை வென்ற ஸ்பெயின்தான் என் கணிப்பு. 1962இல் பிரேசில் தக்கவைத்த பிறகு எந்த அணியும் கோப்பையைத் தக்கவைத்ததில்லை, ஆகவே அர்ஜென்டினா வேண்டாம்.

நொய்யல் கரை:
நானும் ஸ்பெயின்.

பொள்ளாச்சிப் பையன்:
அர்ஜென்டினா. இந்த முறையும் மாற்ற மாட்டேன், யார் வேண்டுமானாலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நொய்யலின் ஸ்பெயின் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் குறித்துவையுங்கள்.

இடைவேளை என்று ஒரு புதிய கதை வந்திருக்கிறது. இடைவேளையில் ரிமோட் என் மடியில் இருந்தது. நான் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனது இரண்டாம் பாதி தொடங்கி வெகுநேரம் கழித்து. குழாயடியில் சொம்பு பாதி நிறைந்திருந்தபோது மேல்மாடியில் கூச்சல் கேட்டது. ஓடிவந்து பார்த்தபோது திரையில் கமல். 79ஆம் நிமிடத்தில் தொலைக்காட்சியின் முன் நான் இல்லை என்பதால்தான் இத்தனை துணிவாக எழுதுகிறீர்கள் என்றால், அப்போது அங்கே இருந்த மற்ற பதினைந்து பேரும் வந்து சொல்லட்டும். நான் காத்திருக்கிறேன்.

வாளையார்:
கூடத்திலேயே இருந்ததாகத்தானே முதலில் எழுதினீர்கள்?